பின் சீட்டில் தொண்ணூற்று மூன்று கிலோ

லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கிலோ அக்கா. சிமென்ட் கிடங்குகளுக்கும் மரக்கடைகளுக்கும் நடுவில் ஓர் எடைமேடை, அதன் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை. அந்த அறையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்து, சரக்கோடு ஏறும் லாரிக்கு ஒரு எடை, இறக்கிவிட்டு வரும் லாரிக்கு ஒரு எடை என்று சீட்டு அடித்துக் கொடுக்கிறாள். "போன வாரம்தானே காலி எடை போட்டோம், அதையே எழுதிக்குங்களேன்" என்று எவனாவது பல்லைக் காட்டினால் தொலைந்தான். "போன வாரம் உன் டேங்க்ல எவ்வளவு டீசல் இருந்துச்சு? ஸ்டெப்னி இருந்துச்சா? நீயே போன வாரம் இவ்வளவு குண்டா இல்லையே. வண்டியை ஏத்து மேடையில" என்பாள். அவன் முனகிக்கொண்டே ஏற்றுவான். பத்து கிலோவாவது வித்தியாசம் வரும். வராவிட்டாலும் அவள் வருத்தப்பட மாட்டாள், சரிபார்த்தது சரிபார்த்ததுதான்.

இப்படிப்பட்டவளைக் கார் ரேலிக்கு இழுத்து வந்தது அவளுடைய நாத்தனார். கணவனின் தங்கை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வாரம் ஐந்து நாள் முப்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் ஓட்டி ஓட்டி, விடுமுறை நாளிலாவது கூச்சல் இல்லாமல் ஓட்ட வேண்டும் என்று ஒரு கார் கிளப்பில் சேர்ந்தாள். அவளிடம் டாக்ஸியாக ஓடிக் களைத்த ஒரு பழைய கார் இருந்தது. கார் இருந்தது, கை இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட ஆள் இல்லை. "அண்ணி, நீங்க வாங்க. உங்களுக்கு நம்பர்னா அல்வா மாதிரி" என்றாள். கூச்சல் இல்லாமல் ஓட்டலாம் என்ற அவளுடைய ஆசை அன்றோடு போயிற்று.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகமாகப் போகிறவன் ஜெயிக்கிற பந்தயம் இல்லை இது. கையில் ஒரு வழிப்புத்தகம் கொடுப்பார்கள். அதில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னப் படம் இருக்கும். இந்த இடத்திலிருந்து மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர், அந்தப் பாலத்திலிருந்து நாற்பத்திரண்டு என்று சராசரி வேகம் எழுதியிருக்கும். அந்தக் கணக்குப்படி எந்த வினாடியில் எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ, அங்கே இருக்க வேண்டும். வழியில் எங்கேயோ ஒரு மரத்தடியில் கிளப் ஆட்கள் கடிகாரத்தோடு ஒளிந்திருப்பார்கள். அதற்கு ரகசியச் சாவடி என்று பெயர். ஒரு வினாடி முந்தினாலும் ஒரு புள்ளி அபராதம், பிந்தினாலும் ஒரு புள்ளி. கடைசியில் யாருக்கு அபராதம் குறைவோ அவருக்கே கோப்பை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்து வழி சொல்லி, மீட்டரைப் பார்த்து நேரம் சொல்பவர்தான் நேவிகேட்டர். ஓட்டுகிறவர் தப்புப் பண்ணினால் ஒரு புள்ளி போகும், நேவிகேட்டர் தப்புப் பண்ணினால் மானமே போகும்.

மூன்று வருஷம் இருவரும் கடைசிக்கு முந்தின இடத்திலேயே சுற்றினார்கள். நாலாவது வருஷம், அதாவது போன வருஷம், ஆறு சாவடிக்கும் சேர்த்து அவர்களுக்கு விழுந்த அபராதம் மூன்று புள்ளி. அடுத்து வந்தவருக்கு முப்பத்தொன்று. கைதட்டல் வர வேண்டிய இடத்தில் ஒரு முணுமுணுப்பு வந்தது. கையால் கணக்குப் போட்டு இது நடக்காது, போனில் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்றார்கள். அதற்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. நாலாவது சாவடியில் அவள் கைப்பையிலிருந்து போன் மணியடித்ததை அங்கிருந்தவர் கேட்டிருக்கிறார்.

அடித்தது உண்மை. கூப்பிட்டது அவள் கணவன். எலெக்ட்ரீஷியன். வீட்டில் ஏணியை எங்கே வைத்தாய் என்று கேட்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறான். அவள் போனைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. எடுக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கிளப் செயலாளர் கேட்டார். முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினார்கள். ஜெயித்தார்கள் என்றும் இல்லை, தோற்றார்கள் என்றும் இல்லை. திருடினார்கள் என்று சொல்லக்கூட கிளப்காரர்களுக்குத் துணிச்சல் இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது, கணவன் பிளக்கைக் கழற்றிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்: "நிஜமாவே போன்ல பாக்கலையா?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஏதோ வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டான். ஆனால் பத்தொன்பது வருஷமாக ஒரு கிலோ கூட்டிக் குறைத்து எழுதாத ஒருத்தியிடம் சொந்த வீட்டில் கேட்கக் கூடிய கேள்வி இல்லை அது. அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு வருஷம் அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. உள்ளே மட்டும் முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருஷ ரேலி காலை ஏழு மணிக்கு. முதலில் அளவுப் பாதை. கிளப் அளந்து வைத்த பன்னிரண்டு கிலோமீட்டர் அறுநூறு மீட்டர். அதில் ஒருமுறை ஓட்டி, தன் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளலாம். வழிப்புத்தகத்தில் அதற்குமேல் எங்கேயும் தூரம் எழுதியிருக்க மாட்டார்கள். அந்த ஓர் அளவை நம்பித்தான் நாள் முழுக்க ஓட வேண்டும். இருவரும் அதை இரண்டு முறை ஓட்டினார்கள். அவள் இரண்டு முறையும் எழுதிக்கொண்டு, அட்டையில் அட்டவணை போட்டாள். புறப்படும் கோட்டுக்கு வந்து நின்றபோது செயலாளர் பெரிய தோல்பை ஒன்றோடு எதிரே வந்தார்.

செயலாளர் நிலம் அளக்கும் சர்வேயர். ஐம்பது வயதிருக்கும். நல்ல உடம்பு. இந்த வருஷ வழியை வகுத்தவரும் அவர்தான்.

"குழு முடிவு. உங்க வண்டியில இன்னிக்கு ஒரு கண்காணிப்பாளர் வருவார். அவர் அறிக்கை சுத்தமா இருந்தா போன வருஷ முடிவை வெளியிடுவோம். இல்லேன்னா ரெண்டு பேரையும் கிளப்பை விட்டு நீக்கிடுவோம்" என்றார்.

"யாரு சார் கண்காணிப்பாளர்?" என்றாள் நாத்தனார்.

"நான்தான்."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே."

"நேத்தே சொன்னா உஷாராயிடுவீங்கன்னு குழு நினைச்சுது."

நாத்தனாருக்கு மூக்கு விடைத்தது. இவள் அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டி அடக்கினாள். இரண்டு போன்களையும் உறையில் போட்டு ஒட்டி, செயலாளர் தன் மடியில் வைத்துக்கொண்டார். பின் சீட்டில் ஏறி நடுவில் உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைத்தார். பேசக் கூடாது, வழி சொல்லக் கூடாது, முகத்தில்கூட எதையும் காட்டக் கூடாது என்பது அவருக்கு விதி. பாவம், பத்தாவது நிமிஷத்திலேயே இருமல் வந்துவிட்டது.

"சார், இருமாதீங்க. அப்புறம் இருமி வழி சொன்னார்னு எழுதிடுவாங்க" என்றாள் நாத்தனார், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே.

முதல் பாதி முழுக்க மணிக்கு முப்பத்தாறு, அதாவது வினாடிக்குப் பத்து மீட்டர். அவளுக்குப் பிடித்த வேகம். மடியில் அட்டை, கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கண் மீட்டரில். "மூணு வினாடி முன்னாடி இருக்க. குறை. இன்னும். போதும், இப்படியே விடு." நாத்தனார் சொன்னதைச் செய்தாள். அவள் மிதித்ததும் தெரியவில்லை, காலை எடுத்ததும் தெரியவில்லை. முட்டை ஏற்றிப்போகிற வண்டி மாதிரி ஓட்டினாள். மூன்று சாவடிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் தன் மீட்டர் காட்டிய எண்ணை அவள் அட்டை ஓரத்தில் குறித்தாள். மூன்றிலும் வினாடி பிசகவில்லை என்று அவளுக்கு நிச்சயம்.

பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஷெட் போட்டு அரைமணி நேரம் ஓய்வு. அங்கே கரும்பலகையில் முதல் பாதி அபராதத்தைச் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் வண்டி எண்ணுக்கு நேராக நாலு, ஏழு, பதினொன்று. எல்லாம் பிந்தியது.

"போன் இல்லேன்னா இவ்வளவுதான் போல" என்று யாரோ டீ டம்ளருக்குள்ளேயே சொன்னார். அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னது, விழுந்தது.

அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. நேராகப் போய் நாத்தனாரைப் பிடித்தாள். "நான் ஒன்னு சொன்னா நீ ஒன்னு ஓட்டினியா? எங்கடி விட்ட பதினொரு வினாடியை?"

"நானா விட்டேன்? குறைன்னீங்க, குறைச்சேன். ஏத்துன்னீங்க, ஏத்தினேன். நடு ரோட்டுல தலைகீழா நில்லுன்னு சொல்லியிருந்தா அதையும் செஞ்சிருப்பேன் அண்ணி" என்றாள் நாத்தனார். குரல் கடைசியில் உடைந்துவிட்டது. வேன் பிள்ளைகள் எத்தனை கத்தினாலும் கலங்காதவள்.

அப்போதுதான் இவளுக்குத் தான் பேசியது உறைத்தது. சந்தேகப்பட்டால் எப்படி வலிக்கும் என்று ஒரு வருஷமாகத் தெரிந்து வைத்திருக்கிறவள், அதையே திருப்பி நாத்தனாருக்குச் செய்திருக்கிறாள். "நீ சரியாத்தான் ஓட்டின. நான்தான் வாயை விட்டேன். கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு அட்டையை எடுத்தாள்.

முதல் சாவடியில் அவள் மீட்டர் பதினைந்து கிலோமீட்டர், பிந்தியது நாலு வினாடி. இரண்டாவதில் இருபத்தாறு, ஏழு வினாடி. மூன்றாவதில் நாற்பது, பதினொன்று. தூரம் ஏற ஏற தாமதமும் அதே கணக்கில் ஏறியிருக்கிறது. ஓட்டுகிறவள் தப்புப் பண்ணினால் ஓரிடத்தில் முந்தும், ஓரிடத்தில் பிந்தும், இப்படிப் படி வைத்து ஏறாது. அளவுதான் தப்பு. மீட்டர் நாற்பது கிலோமீட்டர் என்று சொன்னபோது வண்டி உண்மையில் நூற்றுப்பத்து மீட்டர் பின்னால் இருந்திருக்கிறது. காலையில் சரியாக இருந்த அளவு இப்போது ஏன் தப்பு? காலைக்கும் இப்போதைக்கும் நடுவில் வண்டியில் என்ன மாறியது?

பங்கிலேயே டயர்களில் காற்று எவ்வளவு என்று பார்த்தாள். நாலு டயரிலும் காலையில் இருந்த அதே அழுத்தம். கசிவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, செயலாளர் டீயைக் குடித்துவிட்டு வந்து கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறினார். கார் பின்பக்கம் சற்றே அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பத்தொன்பது வருஷமாக லாரிகளின் பின்பக்கம் அமுங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிற கண் அது. இந்தக் காரின் மீட்டரோ பின்சக்கரம் சுற்றுவதை எண்ணித்தான் தூரம் காட்டும். மேலே பாரம் உட்கார்ந்தால் டயர் துளி அமுங்கும். அமுங்கினால் சக்கரம் துளி சின்னதாகும். சின்னச் சக்கரம் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும், மீட்டர் கூடுதலாக எண்ணும்.

தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஊரான் லாரியை எல்லாம் திரும்ப மேடையில் ஏற்று, ஏற்று என்று உயிரை எடுக்கிறவள், தன் வண்டியில் ஆள் ஏறிய பிறகு அளவு எடுக்கவில்லை.

கதவருகே போய்க் குனிந்தாள். "சார், உங்க எடை எவ்வளவு?"

செயலாளர் திகைத்தார். "நான் எதுவும் பேசக் கூடாதும்மா."

"எடை சொல்றது வழி சொல்றதாகாது சார்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எண்பது இருக்கும்."

அவள் அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். லாரிக்காரர்களுக்கு மட்டும் பழக்கமான பார்வை அது. "பொய் சொல்லாதீங்க சார்."

"தொண்ணூத்தி மூணு" என்றார் செயலாளர், மெதுவாக. நாத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் காருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"பை ஒரு ஏழு கிலோ. ஆக நூறு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே நூத்திப் பத்துதான்" என்றாள் அவள், பாதி அவரிடம், பாதி தன்னிடம்.

"அண்ணி, பின் டயர்ல இன்னும் கொஞ்சம் காத்து ஏத்திடலாமா?"

"ஏத்தினா எவ்வளவு தூக்கும்னு எனக்குத் தெரியாது. ஆயிரம் மீட்டருக்கு ரெண்டே முக்கால் மீட்டர் கூடுதலா காட்டுதுன்னு தெரியும். தெரிஞ்சதை வெச்சு ஓடுவோம்."

அரைமணியில் பதினெட்டு நிமிஷம் மிச்சம். பழைய அட்டவணையைக் கிழித்துப் போட்டாள். இரண்டாம் பாதிக்கு மூன்று வேகங்கள், மூன்றுக்கும் புதிதாக எழுத வேண்டும். கார் பானெட்டின்மேல் அட்டையை வைத்து நின்றபடியே எழுதினாள். நாத்தனார் ஒரு பன்னைப் பிய்த்துப் பிய்த்து அவள் வாயில் ஊட்டினாள். சற்று முன் அழவைத்தவளுக்கு ஊட்டுகிறோமே என்ற நினைப்பெல்லாம் அவளுக்கு இல்லை. சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். செயலாளரும் பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டு.

இரண்டாம் பாதியில் நாலாவது சாவடி ஒரு செங்கல் சூளைக்குப் பக்கத்தில் வந்தது. சரியாகத்தான் கடந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் காலையிலும் அப்படித்தான் தோன்றியது, அதனால் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு கண்டம். படத்தில் தண்ணீர்த் தொட்டி இடதுபக்கம், திருப்பம் அதற்கு முன்னால். மணல் லாரி ஒன்று மறைத்ததில் திருப்பம் கண்ணில் படவில்லை. தொட்டியைத் தாண்டிக்கூடக் கொஞ்ச தூரம் போய்விட்டார்கள். பின்னால் செயலாளர் மூச்சுக்கூட விடவில்லை.

"நிறுத்து. தாண்டிட்டோம்."

நாத்தனார் கியரைப் பின்னுக்குப் போடப் போனாள். "ரிவர்ஸ்ல வேணாம், திருப்பி எடு. நூத்தி எண்பது மீட்டர் வந்திருக்கோம். போக வர முந்நூத்தி அறுபது. அதைக் கழிச்சுட்டேன். நாற்பது வினாடி பாக்கி. ஒன்றரை கிலோமீட்டருக்கு அறுபதுல போ. அதுக்கு மேல ஒரு மிதி மிதிக்காத."

அடுத்த சாவடி ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்தால் கதை முடிந்தது. அந்த நிமிஷத்தில் அவள் மனதில் இருந்தது கோப்பை இல்லை. வீட்டில் பிளக்கைக் கழற்றிக்கொண்டு தலை நிமிராமல் கேட்ட அந்தக் கேள்விதான். இன்றைக்கு இதை நழுவவிட்டால் ஆயுசுக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

"பத்து பாக்கி. ஆறு. மூணு. குறை. குறை. நில்லு அங்கேயே, நாற்பத்திரண்டு." அவள் சொல்லி வாய் மூடவில்லை, வளைவில் புளியமரத்தடியில் ஒரு மேஜையும் கடிகாரமும் தெரிந்தன.

மதியம் இரண்டு மணிக்கு எல்லா வண்டிகளும் கிளப் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. இரண்டாம் பாதிக் கணக்கைப் பலகையில் எழுதினார்கள். இவர்களுக்கு நேராகச் சுழியம், ஒன்று, சுழியம். டீ டம்ளர்காரரைத் தேடினாள் நாத்தனார். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் முன்னால் வந்து அறிக்கையைப் பிரித்தார். நாள் முழுக்கப் பேசாமலிருந்த மனுஷன், பேச ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை.

"போன் உறை காலையில ஒட்டினபடியே இருக்கு. அட்டை, பென்சில், ஸ்டாப்வாட்ச். வேற எதுவும் இல்லை. முதல் பாதியில விழுந்த இருபத்திரண்டு புள்ளிக்கும் காரணம் அந்த வண்டியில இருந்த ஒரு கோளாறு. அந்தக் கோளாறு நான்தான். என் எடையால மீட்டர் எவ்வளவு கூடுதலா காட்டுதுங்கறதை இந்தம்மா பதினெட்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சு சரிபண்ணினதை நான் பின்னாடி உட்கார்ந்து பார்த்தேன். முப்பது வருஷமா நிலம் அளக்கறேன். எனக்கு இது தோணியிருக்காது. போன வருஷம் இது கையால முடியாதுன்னு எழுதினவன் நான். அது தப்பு."

இன்னும் ஒன்று சொன்னார். கண்காணிப்பாளரை ஏற்றியது குழு. அதனால் அந்த இருபத்திரண்டைக் கழித்துவிட வேண்டும் என்பது தன் பரிந்துரை. கழித்தால் மொத்தம் ஒரு புள்ளி. முதல் இடத்திலிருப்பவருக்குப் பதினாலு. கூடத்தில் தலைகள் ஆடின. நாத்தனார் அண்ணியின் கையை நெரித்தாள்.

அவள் எழுந்தாள். "வேணாம் சார். நீங்க ஏறினது எனக்குத் தெரியும். ஏறின பாரத்தைக் கணக்குல சேர்க்காதது என் தப்பு. இருபத்திமூணே இருக்கட்டும்."

"அண்ணி" என்று பல்லைக் கடித்தாள் நாத்தனார்.

"இருக்கட்டும்டி. போன வருஷத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்க. அது எங்களோடது."

இருபத்து மூன்றுக்கு நாலாவது இடம். இந்த வருஷக் கோப்பை வேறொருவருக்குப் போனது, அவரும் நன்றாகத்தான் ஓட்டியிருந்தார். பிறகு செயலாளர் போன வருஷ முடிவைப் படித்தார். முதல் இடம், ஓட்டியவர் பெயர், நேவிகேட்டர் பெயர், மொத்த அபராதம் மூன்று. ஒரு வருஷம் தாமதமாக வந்த கைதட்டல். பலர் எழுந்து நின்று தட்டினார்கள். அவள் அழவில்லை. தலை நிமிர்ந்து நின்று, கடைசிக் கை ஓயும்வரை முழுசாகக் கேட்டுக்கொண்டாள். தனக்கு வர வேண்டியதை வாங்கிக்கொள்வதில் என்ன கூச்சம்?

வழியெல்லாம் நாத்தனார் திட்டிக்கொண்டே ஓட்டினாள். "ஒரே நாள்ல ரெண்டு கோப்பை வந்திருக்கும். கையில வந்ததைத் தூக்கிக் கொடுத்துட்டு வர்றாங்க பாரு, தர்மகர்த்தா." வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது திட்டு தீர்ந்துபோய், அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணிக்குப் பின்னாலேயே தானும் இறங்கி வந்தாள். இந்தக் காட்சியை விடுவாளா?

கணவன் ஏணிமேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தான். "என்னாச்சு?" என்றான்.

"நாலாவது" என்றாள் நாத்தனார்.

"அட, பரவாயில்லையே."

"போன வருஷம் முதல்ல வந்தோம்" என்றாள் அவள்.

அவன் கையிலிருந்த ஸ்குரூடிரைவர் அப்படியே நின்றது. அவளைப் பார்த்தான். அந்த ஒரு வாக்கியத்தில் என்ன இருந்தது என்று அவனுக்குப் புரிய ஒரு வருஷம் தேவைப்படவில்லை. ஏணியிலிருந்து படிப்படியாக இறங்கி அவள் எதிரே வந்து நின்றான்.

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றான்.

"கூடாதுதான்" என்றாள் கிலோ அக்கா.